சூரியன் டியூட்டிக்கு வந்துவிட்டான்... நாம்?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவர் ஒருவர்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருட மலரைப் புரட்டினால் நிலாவைப் பற்றி மட்டுமே ஏழு கவிதைகள்! (எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.) சரி, நிலாவை அவர்களுக்கே விட்டுவிட்டு நாம் சூரியன் பக்கம் போவோம்.

சூரிய மின்சாரம் என்றதும் நம்ம ஆட்களுக்குக் கமுதிதான் ஞாபகத்துக்கு வரும். 2016-ல் அங்கே தொடங்கிய நிலையம் 648 மெகாவாட். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பேச வந்தது மெகாவாட்டைப் பற்றி அல்ல, வெறும் வாட்டைப் பற்றி!

வெயிலை வேலை வாங்குவது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டிக் கடல் நீரைக் காய வைக்கிறார்களே, அது என்ன? எங்க ஆச்சி மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிகிறாளே, அது என்ன? அதுவும் சூரியசக்திதான். ஒரே வித்தியாசம், ஆச்சிக்கு மானியம் கிடையாது!

இப்போது அதே வெயில் எங்கெங்கோ வேலை பார்க்கிறது. ஆரோவில் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கிண்ணம் போலக் கண்ணாடிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அதில் குவியும் வெயில் நீராவியாகிச் சோறு வேகிறது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் 75 பேர் ஏறும் சோலார் படகு ஓடுகிறது. டீசல் வாடை இல்லை. கொச்சி விமான நிலையமோ 2015-லேயே முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறிவிட்டது.

இன்னொன்று, காட்டோரத்து ஊர்களில் இருந்து வரும் நண்பர்களுக்கு நன்றாகத் தெரியும். சோலார் வேலி! பகலில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும். அதிலிருந்து ஒரு சின்னப் பெட்டி விநாடிக்கு ஒரு தடவை கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காத ஒரு துடிப்பை வேலிக் கம்பியில் அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் உயிர் போகாது. பன்றி வந்து மூக்கை வைத்தால் ஒரே அடி, ஓட்டம்தான். இதற்குச் செலவு செய்ய மனசில்லாமல் போஸ்ட் கம்பத்திலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. குட்டிகள் இரண்டு பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தன. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. துடிப்பு மின்சாரத்துக்கும் நேர் மின் இணைப்புக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த ஊரில் ஒருவர் வீடு வீடாகச் சொல்லியிருந்தால்...?

சரி, இப்போது எங்க ஊர்க் கதைக்கு வருகிறேன். சொல்ல வந்ததே இதைத்தான்.

எங்களுடையது விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமம். நான் எட்டாவது படிக்கும்போது மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு சோலார் தெருவிளக்கு வைத்தார்கள். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்து... ஒரே அமர்க்களம்! இரண்டு வருஷம் நன்றாக எரிந்தது. அதன் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் போட்டேன். அப்புறம் ஒருநாள் மங்கியது, அணைந்தது. மனு கொடுத்தார்கள். வந்து பார்க்கிறோம் என்றார்கள், வரவில்லை. கம்பத்தில் மாடு கட்டினார்கள். போன மழைக்காலத்தில் அந்த இருட்டில்தான் எங்க ஆச்சி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

தீபாவளி லீவில் போனபோது, லேப்பில் வாங்கிய பாடத்தைப் பார்ப்போமே என்று மல்டிமீட்டரோடு ஏணி போட்டு ஏறினேன். கீழே நின்ற பெரியவர், "ஏலே, அது செத்துப் போன விளக்குலே, எறங்கு" என்றார். பேனலைத் துணியால் துடைத்து முனைகளில் மீட்டரை வைத்தால் 20 வோல்ட்! பேனலுக்கு ஒரு கேடும் இல்லை. அடுத்து கம்பத்திலிருந்த பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எறும்புப் புற்று. மூடியைக் கழற்றினால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, தகடெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது.

வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியிருந்தால் அந்தப் பேட்டரி இன்னும் சில வருஷம் உழைத்திருக்கும். ஒரு கேன் தண்ணீர் என்ன விலை? நான்கு டீ காசு வருமா? அதை ஊற்ற வேண்டும் என்று ஊரில் ஒருத்தருக்கும் யாரும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் உழைக்கும் பேனல், கழுத்தில் கோயில் மாலை காய்ந்து தொங்க, தினமும் வெயிலை வாங்கி வாங்கி யாருக்கும் கொடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தது.

மாடியில் சோலார் போட்ட வீடுகளிலும் இதே கதைதான். 2024-ல் மத்திய அரசு கொண்டுவந்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், கரண்ட் பில் நிச்சயம் இறங்கும். என் சித்தப்பாவும் போட்டார். முதல் பவர்கட்டில் ஃபேன் நின்றதும் எனக்குப் போன் வந்தது: "ஏமாத்திட்டானுகப்பா!" யாரும் ஏமாற்றவில்லை. பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்த்த அமைப்பு, லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். நிற்காவிட்டால், கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனின் உயிர் போய்விடும் அல்லவா! இதை விற்றவர் முதல் நாளே இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

இதைச் சொல்வது யார் வேலை? என்னைக் கேட்டால் நம்ம வேலைதான். இன்ஜினீயர் வடிவமைத்துவிட்டுப் போய்விடுவார், காண்டிராக்டர் பில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். நடுவில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்க வேண்டியவன் டிப்ளமோகாரன்! ஆனால் நமக்கு சோலார் என்பது பத்து மார்க் கேள்வி. படம் போட்டு பாகம் குறித்தால் முடிந்தது. என் வகுப்பில் எத்தனை பேர் ஒரு சார்ஜ் கன்ட்ரோலரைக் கையால் தொட்டிருக்கிறோம்? கை தூக்கச் சொன்னேன். மூன்று கை.

"மச்சி, நாம கம்பெனி வேலைக்குப் போறவங்க, தெருவிளக்கு ரிப்பேர் பண்ணவா படிச்சோம்?" என்கிறான் அறை நண்பன். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் சீனியர் அண்ணன்களின் சம்பளத்தை அவனிடம் சொன்னேன். பதில் வரவில்லை.

ஆகவே பேரவைக்கு ஒரு கோரிக்கை. மலர் விளம்பரத்தில் மிஞ்சும் பணத்தில் நான்கு மல்டிமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஊராட்சியில் அனுமதி வாங்கிக்கொண்டு பத்துப் பேர் போவோம். கூட ஒரு ஆசிரியர் வந்தால் நல்லது. பேனலைத் துடைப்போம், பேட்டரியைப் பார்ப்போம், ஊரில் ஒரு அக்காவுக்கோ அண்ணனுக்கோ தண்ணீர் ஊற்றக் கற்றுக் கொடுத்துவிட்டு வருவோம். முதல் ஊர் எங்க ஊராக இருக்கட்டும். புதுப் பேட்டரிக்குக் கோயில் கமிட்டியில் பாதிப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதிக்கு உண்டியல் குலுக்க நான் தயார்.

ஏணி மட்டும் யாராவது கொண்டு வாருங்கள். போன தடவை ஏறியது கடன் வாங்கிய ஏணி. அதில் மூன்றாவது படி இல்லை!