ஐயமும் ஆக்கமும்

தீர்த்தமலைப் பள்ளி மாணவி ஒருத்தி, கணிப்பொறியில் விளையாட்டொன்று படைக்க விரும்புகின்றாள் என்று கொள்க. ‘பெருநகரத்தார் செய்யும் தொழிலாயிற்றே, எனக்கு என்ன தெரியும்?’ என்னும் ஐயம் அவளைத் தடுக்கின்றது. அவ்வாறு ஐயுறுதல் இயல்பே. ஆயினும் அதற்கு அடிப்படை இல்லை.

டொராண்டோ நகரில் வாழும் தமிழர் அபி, தம் குழுவினருடன் 2023-இல் வெளியிட்ட விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. அதில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. 1988-இல் கனடாவில் வாழும் தமிழ்த்தாய் ஒருத்தி, தன் அன்னையின் சிதைந்த சமையற் குறிப்பேட்டைப் பார்த்து இட்டலி அவிக்கின்றாள். அழிந்த வரிகளை ஆடுவோர் ஊகித்தறிய வேண்டும். அவ்வளவே ஆட்டம்! முதற்படைப்புகளுக்கென உள்ள பிரித்தானிய ‘பாஃப்டா’ பரிசு 2024-இல் அதற்குக் கிடைத்தது.

இட்டலித் தட்டுக்கு இப்பெருமை உண்டாயின், தீர்த்தமலை எதில் குறைந்தது? பாறைமேலிருந்து வீழும் இராமர் தீர்த்தம் அங்கே உண்டு. நெடிய படிவழியும் உண்டு. (மலையேறி மூச்சிரைத்த பட்டறிவு டொராண்டோவில் எளிதில் வாய்க்காது.) குடத்து நீர் சிந்தாமல் படியிறங்க வேண்டும் என்னும் ஒரே விதி முதல் ஆட்டத்திற்குப் போதும். தொடக்கத்தில் குடம் அந்தரத்தில் மிதக்கலாம். நீர் மேல்நோக்கியும் ஓடலாம். அப்பிழைகளை ஒவ்வொன்றாய்த் தேடித் திருத்துவதே நிரல் எழுதுவோர் பணி. பெருநகரத்தாருக்கும் அதே பாடுதான்.