தனிமரம் தோப்பாகாது

விருந்தினர் விரிவுரையாளர் என்று பெயர். பந்தியிலோ கடைசி இலை. சித்தூரிலும் திருப்பதியிலும் மணிக்கணக்கில் பாடம் நடத்துவோருக்கு விடுமுறை வந்தால் அடுப்பில் பூனை தூங்குகிறது.

வகுப்பொன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் உச்சநீதிமன்றம் வரை போராடியே 2025-இல் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை வென்றார்கள்.

ஆந்திர அரசின் 2023-ஆம் ஆண்டுப் பணிவரன்முறைச் சட்டமோ 2-6-2014க்கு முன் சேர்ந்த ஒப்பந்த ஊழியருக்கு மட்டுமே. ஒப்பந்தம், விருந்தினர், பகுதிநேரம் என்று பெயரைப் பிரித்தே நம்மையும் பிரிக்கிறார்கள்.

ஆசிரியர் ‘தொழிலாளர்’ அல்லர் என்ற 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி மிரட்டுவார்கள். அஞ்சவேண்டாம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆந்திரச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் போதும்.

தனியாகக் கேட்பவருக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு கிடைக்காது. நூறு பேர் சேர்ந்து கேட்டால் யாரை நிறுத்துவார்கள்? 2022-இல் மாவட்டம் இரண்டானது. தெலுங்கரும் தமிழரும் சேர்ந்த சங்கம் ஒன்றாகவே இருக்கட்டும். பணியாணை, வருகைப் பதிவு நகல்களை இன்றே திரட்டுங்கள், தோழர்களே!