விலை கொடுத்தும் வாடகைக்காரரா?

நண்பர் ஒருவரின் இல்லம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். கூடத்துச் சுவரையொட்டி ஓர் அலமாரி. பிறர் வீடுகளில் வெள்ளிப் பாத்திரங்கள் கொலுவீற்றிருக்கும் இடத்தில், அவர் வீட்டில் திரைப்படங்கள் கொலுவீற்றிருக்கின்றன. கீழ்த்தட்டில் தடித்த கறுப்பு வீடியோ கேசட்டுகள்; நடுத்தட்டுகளில் வி.சி.டி.களும் டி.வி.டி.களும், மேல்தட்டில், தொலைக்காட்சித் தொடர்களை அவரே பதிவு செய்து, பெயரும் நாளும் மணிமணியாக எழுதி ஒட்டி வைத்த நாடாக்கள். எண்ணிப் பார்த்தால் அறுநூறுக்குக் குறையாது.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் அந்த அலமாரியைப் பார்த்து நகைத்தான். "தாத்தா, இந்தக் குப்பையை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள்? மாதச் சந்தா கட்டினால் உலகத்துப் படமெல்லாம் இந்தக் கைபேசிக்குள் வந்துவிடுகிறதே!" என்றான். நண்பர் சினங்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டார்.

அன்றிரவே அந்தப் பிள்ளை, முன்பு பாதி பார்த்து நிறுத்தியிருந்த தொடர் ஒன்றைக் கைபேசியில் தேடினான். காணவில்லை. சந்தா கட்டியாயிற்று, தவணை தவறவில்லை, ஆயினும் தொடர் மறைந்துவிட்டது. முன்னறிவிப்பு இல்லை; காரணம் சொல்வார் இல்லை; முறையிட இடமும் இல்லை. நண்பர் எழுந்தார், அலமாரியைத் திறந்தார், இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். அது எவரிடமும் அனுமதி கேட்காமல் ஓடிற்று.

இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது, தோழர்களே! பெட்டகம் நம் வீட்டில் இருந்து, திறவுகோல் மற்றவன் இடுப்பில் தொங்குமானால், உள்ளே இருக்கும் பொருள் யாருடையது? உழுபவனுக்கும் நிலத்துக்கும் இடையே எழுந்த கேள்வி இது. குடியிருப்பவனுக்கும் கூரைக்கும் இடையே எழுந்த கேள்வி இது. இன்று பார்ப்பவனுக்கும் படத்துக்கும் இடையே வந்து நிற்கிறது. இந்தக் கேள்விக்கு ஒரு வழக்கு வரலாறே உண்டு. அது நிகழ்ந்த இடம் அமெரிக்கா.

1975-ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமான சோனி, பீட்டாமேக்ஸ் என்னும் பதிவுக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சியில் வருவதை வீட்டிலேயே பதிந்து, வேண்டும்போது பார்க்கலாம். அதுவரை ஒளிபரப்பாளன் குறித்த நேரமே நேரம். அவன் காட்டியதே காட்சி. தவறவிட்டால் தவறியதுதான். அந்த நிலையை ஒரு சிறு பெட்டி மாற்றிற்று. சாமானியன் வீட்டில் முதன்முதலாக ஒரு படக் காப்பகம் பிறந்தது.

பொறுப்பார்களா படமுதலாளிகள்? 1976-இல் யுனிவர்சல் நிறுவனமும் வால்ட் டிஸ்னி நிறுவனமும் நீதிமன்றத்தின் படியேறின. வீட்டில் பதிவதே குற்றம், பதியும் கருவியை விற்பதும் குற்றம் என்று வாதாடின. 1982-இல், படநிறுவனங்களின் சங்கத் தலைவர் ஜாக் வாலன்டி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, தனித்திருக்கும் பெண்ணுக்குக் கழுத்தை நெரிக்கும் கொலைகாரன் எப்படியோ, படத்தொழிலுக்கு இந்தக் கருவி அப்படி என்று முழங்கினார். வீட்டுக் கூடத்தில் குழந்தையோடு அமர்ந்து படம் பார்க்கும் குடும்பத் தலைவி கொலைகாரியாகிவிட்டாள்!

1984 சனவரி 17 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு வேறுபாட்டில், பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிந்து வைப்பது நியாயமான பயன்பாடே என்று முடிவாயிற்று. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்ற பிரெட் ராஜர்ஸ், தம் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து வைத்துப் பார்ப்பதில் தமக்கு மறுப்பில்லை என்று கூறிய சாட்சியத்தையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. படைத்தவனே தடுக்கவில்லை; விற்றவன்தான் தடுத்தான்!

கொலைகாரன் என்று தூற்றப்பட்ட கருவி படத்தொழிலைக் கொன்றதா? இல்லை. சில ஆண்டுகளிலேயே, வீட்டுக்கான கேசட்டுகளால் வந்த வருவாய் திரையரங்க வருவாயையே விஞ்சிற்று. பூட்டுப் போட்டால்தான் பிழைப்போம் என்றவர்கள், கதவு திறந்ததனால் கொழுத்தார்கள்.

ஆனால், நீதிமன்றத்தில் தோற்றவர்கள் சட்டமன்றத்தில் வென்றார்கள். 1998-இல் அமெரிக்கா புதிய பதிப்புரிமைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. தட்டின்மீது நிறுவனம் இட்ட மின்னணுப் பூட்டை உடைப்பது சட்டமீறல் என்றது அது. தாம் காசு கொடுத்து வாங்கிய தட்டை, தம் வீட்டுக் கணினியில் தாமே படியெடுத்துக்கொள்ளப் பூட்டை நீக்கினாலும் அதன் பிடியில் சிக்க நேரும். 1984-இல் வலக்கையால் வழங்கிய உரிமையை 1998-இல் இடக்கையால் பிடுங்கிக்கொண்டார்கள்.

அடுத்து வந்தது இணையவழிப் படவிற்பனை. "வாங்கு" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பணம் போகிறது, படம் வருகிறது. வாங்கிவிட்டோம் என்று மகிழ்கிறோம். உண்மையில் வாங்கியது படத்தை அன்று, பார்ப்பதற்கான அனுமதியை. அதுவும் கொடுத்தவன் விரும்பும் வரையில். 2023 திசம்பரில், பிளேஸ்டேஷன் கடையில் மக்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த டிஸ்கவரி நிறுவனத் தொடர்களெல்லாம் அவர்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. உரிம ஒப்பந்தம் முடிந்ததாம். எதிர்ப்புக் குரல் எழுந்தது. பின்னர், ஒப்பந்தம் திருத்தப்பட்டது என்று சொல்லி நீக்கத்தை நிறுத்தினார்கள். அந்தக் கடை யாருடையது தெரியுமா? சோனியினுடையது! வீட்டில் வைத்துப் பார்க்கும் உரிமைக்காக எட்டாண்டுகள் வழக்காடி வென்ற அதே சோனி. கருவி விற்ற காலத்தில் உரிமை பேசிற்று. படமும் கடையும் தனதானபின் உரிமம் பேசிற்று. தனிமனிதரின் நல்லெண்ணத்தையோ நிறுவனத்தின் பெருந்தன்மையையோ நம்பி உரிமையை ஒப்படைக்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வேண்டுமா?

அன்று எதிர்த்து வழக்காடிய டிஸ்னி என்ன செய்தது? தன் இணையத் திரைக்கென்றே எடுத்த "வில்லோ" என்னும் தொடரை 2022 நவம்பரில் வெளியிட்டு, ஆறு திங்கள் முடியும் முன்னே, 2023 மே மாதத்தில் எடுத்துவிட்டது. அதனோடு வேறு பல படைப்புகளும் மறைந்தன. கணக்கேட்டில் 150 கோடி டாலர் மதிப்புக் குறைப்பு என்று ஒரு வரி எழுதப்பட்டது. எழுதியவர், நடித்தவர், ஒளியமைத்தவர், தைத்தவர், தச்சு வேலை செய்தவர், இத்தனை பேர் உழைப்பும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிற்று.

பெரிய நிறுவனங்கள் எங்கேனும் பத்திரமாக வைத்திருக்கும், நமக்கேன் கவலை என்போர் உண்டு. அவர்களுக்கு இங்கிலாந்தின் பி.பி.சி. பதில் சொல்லும். 1963-இல் தொடங்கிய "டாக்டர் ஹூ" என்னும் புகழ்பெற்ற தொடரின் நாடாக்களைப் பி.பி.சி. தானே அழித்தது. நாடா விலை அதிகம். மீண்டும் பயன்படுத்தினால் சிக்கனம். மறு ஒளிபரப்புக்கோ ஒப்பந்தத் தடைகள். 1960-களின் பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் படம் இப்படிக் காணாமற்போயிற்று. ஆனால், காணாமற்போன ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி மட்டும் பிழைத்திருக்கிறது. எப்படி? தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, வீட்டில் சத்தம் போடாதீர்கள் என்று தம் குடும்பத்தாரைக் கெஞ்சி, பதிந்து வைத்த சில இளைஞர்களால். அரசுரிமைப் பட்டயம் பெற்ற நிறுவனம் அழித்ததை, பள்ளிப் பிள்ளைகள் காத்தார்கள்!

பிலடெல்பியா நகரில் மரியன் ஸ்டோக்ஸ் என்றொரு மாதரசி வாழ்ந்தார். முன்னாள் நூலகர்; கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்டவர். தொலைக்காட்சி சொல்வதையும், சொன்னதைப் பின்னர் மாற்றிச் சொல்வதையும் பார்த்தார். 1979-இல், ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தார் சிறைப்பட்ட நாட்களில், தம் வீட்டில் இடைவிடாது பதியத் தொடங்கினார். 2012 திசம்பரில் அவர் உயிர் பிரியும் வரை கருவிகள் ஓடின. ஒரே நேரத்தில் எட்டுக் கருவிகள் வரை ஓடியதுண்டு. நாடா தீருமுன் மாற்ற வேண்டுமே என்று, உணவகத்துக்குப் போன குடும்பம் பாதி விருந்தில் எழுந்து வீடு திரும்பியதுண்டு. சேர்ந்தவை ஏறத்தாழ 70,000 நாடாக்கள். பித்து என்றனர் சிலர். இன்று அந்தப் பெருந்தொகுப்பு இணைய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அவர் பதிந்தவற்றுள், ஒளிபரப்பிய நிலையங்களே வைத்திராதவையும் உண்டு.

நம் இழப்பையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த "கீசக வதம்" தென்னாட்டின் முதல் மௌனக் கதைப்படம். இன்று அதில் ஓர் அடிச் சுருளும் இல்லை. 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த "காளிதாஸ்", தமிழ் ஒலித்த முதல் பேசும்படம். அதன் பிரதியும் இல்லை. பேசக் கற்ற குழந்தையின் முதல் மழலையைக் கேட்க வழியில்லாத வீடாகிவிட்டது தமிழ்நாடு. நெருப்பில் எரிந்தவை சில. உக்கிப் போனவை சில. சுருளிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டவை சில. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் எழுந்தபோது மௌனப்படக் காலத்தின் பெரும்பகுதி மறைந்திருந்தது. அக்காலத்தில் வீட்டில் வைத்திருக்க எவருக்கும் வழியில்லை. இன்று வழி இருக்கிறது. வழியை அடைக்கும் சூழ்ச்சியும் இருக்கிறது.

திருட்டுப் பிரதி அச்சிட்டுத் தெருவில் விற்பவனுக்கு நான் பரிந்து பேசவில்லை. கலைஞனின் கூலியைக் களவாடுபவன் கள்வனே. ஆனால் கள்வனைக் காட்டி, காசு கொடுத்தவன் கையையும் கட்டுவது எந்த நீதி? நெல் திருட்டு நடக்கிறது என்பதற்காக, விலை கொடுத்து வாங்கிய நெல்லையும் கடைக்காரன் குதிரிலேயே வைத்து, வேளைக்கு ஒரு படி அளந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் ஏற்போமா?

வீட்டு அலமாரியும் சாகாவரம் பெற்றதன்று. நாடாவில் பூஞ்சை பூக்கும், தட்டு மங்கும். வி.சி.ஆர். செய்துவந்த கடைசிப் பெருநிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவேதான் படியெடுக்கும் உரிமை இன்னும் இன்றியமையாதது. பழைய நாடாவிலிருந்து புதிய கலத்துக்கு மாற்ற முடியாவிட்டால், சேர்த்தது எல்லாம் செல்லரித்துப் போகும்.

எனவே கேட்கிறோம். வாடகைக்குத் தருவதை "வாங்கு" என்று சொல்லி விற்பது நிற்கவேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024-இல் இதற்கென்றே சட்டம் இயற்றி, 2025 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. இது வெறும் உரிமமே என்று வெளிப்படையாகச் சொல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்கிறது. அது முதற்படி. விலை கொடுத்தவன் தன் வீட்டுக்கெனப் படியெடுத்து வைக்கும் உரிமை ஐயத்துக்கு இடமின்றிச் சட்டத்தில் பொறிக்கப்படவேண்டும். எந்தத் திரையில் வெளியானாலும், ஒவ்வொரு படைப்பின் ஒரு பிரதி பொதுக் காப்பகத்துக்குக் கட்டாயம் வரவேண்டும். அச்சான நூலுக்கு இந்தியாவில் 1954 முதல் இத்தகைய சட்டம் உண்டு. படத்துக்கு மட்டும் ஏன் கூடாது?

விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் முன், அந்தப் பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலமாரியின் முன் அமர்ந்தானாம். ஒவ்வொரு பெயராகப் படித்து, எண்ணிட்டு எழுதினானாம். "எதற்கடா?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். "எதெல்லாம் நம்முடையது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா தாத்தா?" என்றானாம்.

அந்தப் பட்டியலை நாமும் எழுதத் தொடங்குவோம்.