தடுத்தது யார் என்று பிள்ளை கேட்டால்…



"பிள்ளை படிக்கட்டும்னு செல் வாங்கிக் கொடுத்தோம். அதுல கண்டதும் வருது. வேண்டாததையெல்லாம் கவர்மென்டே மொத்தமா பிளாக் பண்ணிட்டா என்ன?" பெரம்பலூர், அரியலூர் பக்கமிருந்து எழுதும் அம்மாக்கள் பலர் இதைக் கேட்கிறீர்கள்.

நியாயமான கேள்விதான். விடிந்ததும் மக்காச்சோளக் காட்டுக்குக் களையெடுக்கப் போகிற அம்மாவும், சிமென்ட் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிற அப்பாவும் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பல வீடுகளில் செல்லை முழுசாக இயக்கத் தெரிந்த ஒரே ஆள், ஏழாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பிள்ளைதான். ரீசார்ஜ் போடுவதும் அதுதான், அம்மாவுக்கு வந்த ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்வதும் அதுதான்.

இந்தக் கவலை நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. பிள்ளைகள் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் வசதியை, நெட் இணைப்பு தரும் நிறுவனங்களே பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும் என்று 2018-ல் ஒரு பொதுநல வழக்குப் போடப்பட்டது. 2025 டிசம்பரில் அதை விசாரித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆஸ்திரேலியாவில் இருப்பது போன்ற சட்டம் ஒன்றை இங்கேயும் கொண்டுவர முடியுமா என்று மத்திய அரசு யோசிக்கலாம் என்றது. 16 வயது ஆகாதவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தச் சட்டம். அதே டிசம்பர் 10-ம் தேதிதான் அங்கே அது அமலுக்கு வந்தது.

சிறு பிள்ளைகளுக்கு ஃபில்டர் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆபாசப் படமும் பணம் கட்டி ஆடுகிற ரம்மியும் பத்து வயதுப் பிள்ளையின் விரல் நுனியில் இருக்கக் கூடாது. திறந்த கிணறு இருக்கிற காட்டில் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்ல யாருக்கும் புத்தி சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காகக் கிணற்றை யாரும் தூர்த்துவிடுவதும் இல்லை. சுவரை யார் கட்டுவது, எவ்வளவு உயரத்துக்கு, தண்ணீர் இறைக்க வருகிறவரையும் அது மறித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? என் கவலையெல்லாம் இந்த மூன்று கேள்விகளில்தான்.

முதலில் பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்று திட்டம் போட்டு, கம்ப்யூட்டரும் நெட்டும் கொடுத்தார்கள். செந்துறைப் பக்கமும் வேப்பந்தட்டைப் பக்கமும் வீட்டில் கம்ப்யூட்டரைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பள்ளி நெட்டுக்கு ஃபில்டர் போடுவது இப்போது உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில், அரசுச் சலுகையில் நெட் வாங்கும் பள்ளிகளும் நூலகங்களும் ஃபில்டர் போட்டே ஆக வேண்டும் என்று 2000-லேயே சட்டம் வந்தது. இங்கே 2017-ல் புளூவேல் என்ற ஆன்லைன் விளையாட்டைப் பற்றிய பயம் பரவியபோது, ஃபயர்வாலும் ஃபில்டரும் போடச் சொல்லி சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

இந்த ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது? பெரும்பாலும் எங்கோ ஒரு கம்பெனி தயாரித்து விற்கிற பட்டியல்தான் அது. இந்த முகவரி கூடாது, இந்தச் சொல் இருந்தால் கூடாது, இந்த வகைத் தளம் கூடாது என்று ஒரு பட்டியல். அதைத் தயாரித்தவருக்கு நம் பாடத்திட்டம் தெரியாது, நம் பிள்ளைகளையும் தெரியாது. ஆங்கிலக் கெட்ட வார்த்தையைக் கண்டால் கதவைச் சாத்தும். அதே அசிங்கத்தைத் தமிழில், இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் பல நேரம் கண்டுகொள்ளாது.

நம் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மனித இனப்பெருக்கம், இனப்பெருக்க நலன் என்று பாடங்கள் இருக்கின்றன. நீட் எழுதுகிற பிள்ளைக்கு அவை விட்டுவிடக்கூடிய பாடங்களா? அரியலூரிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. அந்தக் கல்லூரியில் சேரும் கனவோடு ஒரு பெண் ஹைடெக் லேபில் உட்கார்ந்து பாடத்தில் இருக்கிற சொல்லையே தேடுகிறாள். 'இந்தப் பக்கத்துக்கு அனுமதி இல்லை' என்று திரையில் வந்தால் அவள் என்ன செய்வாள்?

கையைத் தூக்கி, "சார், இது ஏன் வரல?" என்று கேட்பாளா? கேட்க மாட்டாள். தான் ஏதோ தப்பாகத் தேடிவிட்டோம் என்று பயந்து, அவசரமாக மூடிவிடுவாள். பக்கத்தில் இருக்கிறவன் பார்த்தானா என்று சுற்றும் முற்றும் பார்ப்பாள். அடுத்த முறை தேடவே மாட்டாள். நகரத்துப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவின் லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளும். இவளுக்கு இருப்பது வாரத்தில் கிடைக்கிற அந்த லேப் பீரியடு மட்டும்தான்.

சொல்லப்போனால், வேண்டாததைப் பார்த்தே தீருவேன் என்கிற பையனை ஃபில்டர் ரொம்ப நேரம் நிறுத்தாது. தடையைத் தாண்டும் வி.பி.என். செயலியைப் போடச் சொல்லித்தர ஒரு கூட்டாளி கிடைத்துவிடுவான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைதான் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். தன்னிடம் ஒருவர் தப்பாக நடந்துகொண்டதை வீட்டில் சொல்ல முடியாத குழந்தை, என்ன செய்வது என்று நெட்டில் தேடினால், அது அடிக்கிற சொற்கள் எவையாக இருக்கும்? ஃபில்டர் முதலில் பிடிக்கிற அதே சொற்கள்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் போக்சோ சட்டமும் அந்தக் குழந்தைக்காகத்தான் இருக்கின்றன. அதைத் தெரிந்துகொள்ள விடாமல் ஒரு மென்பொருள் மறித்தால், யாரைக் காப்பாற்றுகிறோம்?

வீட்டுக்குள்ளும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. கோபப்படாமல் கேளுங்கள். வீட்டில் ஒரே செல். அண்ணன் ராத்திரி பதினொரு மணிக்கு வைத்திருந்தால் யாரும் கேட்பதில்லை. தங்கை ஏழு மணிக்கு எடுத்தால், "உனக்கு எதுக்குடி செல்லு?" நம் வீடுகளில் கேட்டறியாத வசனமா இது? கேரளத்தில் ஒரு கல்லூரி மகளிர் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 மணி வரை செல்போன் கூடாது என்றார்கள். படிக்க வேண்டிய நேரமே அதுதானே என்று எதிர்த்த மாணவியை விடுதியை விட்டு அனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மகள்களைப் பெற்றவர்கள் அந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இப்போது, "கவர்மென்டே பிளாக் பண்ணட்டும்" என்ற உங்கள் யோசனைக்கு வருகிறேன். அந்த அதிகாரம் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது வந்த கதையில் பெரம்பலூருக்கும் ஓர் இடம் உண்டு. 2008 டிசம்பரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் இல்லாமல் நிறைவேறியது. அப்போது அந்தத் துறைக்கு அமைச்சர் ஆ.ராசா, பெரம்பலூர் தொகுதி எம்.பி. அந்தத் திருத்தத்தில் வந்தவைதான் 66ஏ, 69ஏ என்ற இரண்டு பிரிவுகள்.

66ஏ, நெட்டில் எழுதியதற்காக ஆளையே கைது செய்ய வழிவிட்டது. புதுச்சேரியில் ஒருவர் ட்விட்டரில் ஒரு அரசியல் பிரமுகரின் மகனைப் பற்றி எழுதியதற்காக 2012-ல் கைதானார். 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தூக்கிப்போட்டது. தளங்களைத் தடுக்கும் 69ஏ மட்டும் நிலைத்தது. தடுப்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து வழக்குப் போடலாம் என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஆனால் 2009-ல் வந்த விதிகளில், தடை கேட்டு வரும் புகாரையும் எடுக்கப்படும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. காரணமே தெரியாத உத்தரவை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது?

மொத்தமாகத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர்க் கதை வேண்டாம். 2012-ல் '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். அதைக் காட்டி, நெட் நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை முழுசாகவே மூடின. அந்தப் படத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்களின் வீடியோக்களும் சேர்ந்து போயின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

நெட்டையே நிறுத்தியதும் உண்டு. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு. மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் நெட்டை ஐந்து நாட்களுக்கு நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதே 23-ம் தேதிதான் பத்தாம் வகுப்பு ரிசல்ட். பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக ஆன்லைனுக்கு மாறி, விண்ணப்பப் பதிவு நடந்துகொண்டிருந்த மாதமும் அது. வதந்தியைத் தடுக்கத்தான் என்றார்கள். வீட்டுப் பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தவித்த குடும்பங்களையும் சேர்த்தே அது தடுத்தது. நெட்டை நிறுத்தும் உத்தரவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஜனவரியில்தான், காஷ்மீரில் நெட்டை நிறுத்தியதை எதிர்த்த வழக்கில்.

பத்திரிகைக்காரியாக என்னை உலுக்கியது 2025 பிப்ரவரி. பிரதமரைப் பற்றிய ஒரு கார்ட்டூனை விகடன் தன் டிஜிட்டல் இதழில் வெளியிட்டது. சில நாட்களில், 15-ம் தேதி, விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. முறையான அறிவிப்பு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்றது அந்த நிறுவனம். ஒரு கார்ட்டூனுக்காகச் சமையல் குறிப்பு, விவசாயம், வேலைவாய்ப்பு எல்லாமே சேர்ந்து மறைந்தன. மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூன் பக்கத்தை இப்போதைக்கு எடுத்துவைக்கச் சொல்லி, தளத்தைத் திறக்க உத்தரவிட்டது. அந்தக் கார்ட்டூன் உங்களுக்குப் பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். தளத்தை மூடுவதற்கு முன்பே காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டாமா?

அதனால்தான் அரசோ பள்ளியோ நாமோ, தடுக்கிற கை யாருடையது என்று தெரிய வேண்டும் என்கிறேன். ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும்.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிநீரோடு இதையும் கேளுங்கள். லேபில் எதையெல்லாம் தடுத்திருக்கிறார்கள், அந்தப் பட்டியலை முடிவு செய்தது யார்? பாடத்துக்குத் தேவையான பக்கம் திறக்கவில்லை என்றால், ஆசிரியரே அதை உடனே திறந்துவிட முடியுமா? இல்லையென்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? தடுக்கும்போது திரையில் மிரட்டல் மாதிரி ஒரு வரி வருவதற்குப் பதிலாக, "இது பாடத்துக்கு வேண்டுமென்றால் உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்" என்று தமிழில் வரட்டும். கூடவே 1098-ம் இருக்கட்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

வீட்டில், பிள்ளைக்குத் தனி செல் இருந்தால், கூகுள் ஃபேமிலி லிங்க் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த ஆப், எவ்வளவு நேரம் என்பதை உங்கள் செல்லிலிருந்தே அமைக்கலாம். ஒரே ஒரு விஷயம்: பிள்ளைக்குத் தெரியாமல் போடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, "இதை இதை மூடியிருக்கேன், இதனாலதான். படிப்புக்கு எதுவும் வரலைன்னா என்கிட்ட சொல்லு, திறந்து தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். மகனுக்கு என்ன நேரமோ அதே நேரம் மகளுக்கும். ஆன்லைனில் யாராவது மிரட்டினாலோ பணம் போனாலோ 1930-க்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் அந்த நேரத்திலேயே சொல்லிவையுங்கள். திட்டு விழும் என்று பயந்து மறைக்கிற பிள்ளைதான் ஆபத்தில் ஆழமாகப் போகிறது.

பாடத்துக்காகத் தேடி, பள்ளியில் திறக்காமல் போன பக்கம் எது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். பள்ளியின் பெயரும் பிள்ளையின் பெயரும் வேண்டாம். வகுப்பும் பாடமும் போதும். இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வருவதைத் தொகுத்து, பள்ளிக் கல்வித் துறையிடம் கொடுத்துப் பதில் கேட்போம். வருகிற பதிலை இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்