வெளுக்க வேண்டியது முகத்தை அல்ல

வங்கிக் கவுண்டரில் தினமும் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒட்டிய விண்ணப்பங்களை வாங்குகிறவன் நான். எதிரே நிற்கிற அக்கா ஒருத்தி. படத்தில் இருப்பவள் வேறொருத்தி. "ஸ்டுடியோக்காரத் தம்பிதான் கொஞ்சம் வெளுத்துக் குடுத்துச்சு சார்" என்கிறார். அந்தத் தம்பி நம்ம சேரிப் பிள்ளை.

கேமரா நடுநிலை என்பது சுத்தப் பொய். கலர் பிரிண்டைச் சரிபார்க்கக் கோடாக் கம்பெனி பல்லாண்டுகள் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது வெள்ளைக்காரி முகம். மீட்டருக்கோ எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல். வெள்ளைச் சுவர் முன்னால் கருத்த முகத்தை நிறுத்தினால், சுவரை நம்பி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் இருண்டுபோகும். அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளுக்கிறோம். கோளாறு மீட்டரில், பழி தோல்மேல்.

கேமரா தூக்கும் தோழர்களே, ஸ்பாட் மீட்டரை முகத்தில் வையுங்கள். அது சொல்வதிலிருந்து ஒரு ஸ்டாப் அளவு குறையுங்கள். கருப்பு கருப்பாகவே நிற்கும். நேர் ஃபிளாஷ் வேண்டாம், நெற்றிதான் பளபளக்கும். குடையிலோ தெர்மாகோலிலோ பட்டுத் திரும்பிய வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும்.

"வெளுக்கலேன்னா பார்ட்டி போயிடுமே" என்கிறீர்களா? வெளுத்தது ஒன்று, வெளுக்காதது ஒன்று பிரிண்ட் போட்டு முன்னால் வையுங்கள். இதில் எது உங்க அம்மா என்று கேளுங்கள்.