தாத்தாவின் பேஸ்மேக்கரும் உங்க வயர்லெஸ் சார்ஜரும்!

உத்திரமேரூர்ல இருந்து ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ வேலைக்குப் போறவரா நீங்க? போனஸ் பணத்துல வயர்லெஸ் சார்ஜர் வாங்கி, தாத்தா கட்டிலுக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டியிருக்கீங்களா? அவருக்கு பேஸ்மேக்கர் இருந்தால், இடத்தை இன்னிக்கே மாத்துங்க.

ரேடியேஷன்னதும் நமக்கு டவர்தான் ஞாபகம் வரும். சார்ஜர் வேற ரகம். உள்ளே இருக்கும் செப்புச் சுருளில் மின்சாரம் நொடிக்கு லட்சம் முறைக்கு மேல் திசை மாற, அந்தக் காந்தப்புலம் போனுக்குள் இருக்கும் இன்னொரு சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. டவரின் 900 மெகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் இந்த அலைவரிசை பல ஆயிரம் மடங்கு கம்மி. டி.என்.ஏ-வை உடைக்கும் சக்தி இதற்குக் கிடையாது. கொஞ்சம் தள்ளிப்போனாலே வலுவும் சரசரன்னு குறைஞ்சிடும். அதனால் உங்களுக்குப் பயமில்லை.

சிக்கல் காந்தத்தில் இருக்கு. 2020-ல் வந்த ஐபோன் 12-ல், சார்ஜர் 'டப்'புன்னு ஒட்டிக்க காந்த வளையம் வெச்சாங்க. அந்த போனை ஒரு நோயாளியின் இடது மார்பருகே கொண்டுபோனதும், அவருடைய ஐ.சி.டி கருவி சிகிச்சையை நிறுத்திக்கொண்டதாக, 2021 ஜனவரியில் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை டாக்டர்கள் எழுதினார்கள். இதயம் தாறுமாறாகத் துடித்தால் ஷாக் கொடுத்துக் காப்பாற்றும் கருவி அது! காந்தம் பட்டால் அடங்குவது கருவியின் கோளாறு இல்லை. டாக்டர்களின் வசதிக்காக வைத்த ஏற்பாடுதான். காந்தம் விலகினால் பொதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பிடும். ஆனா, சட்டைப் பையில் கிடக்கும் போனுக்கு இதெல்லாம் தெரியுமா என்ன?

ஆப்பிள் நிறுவனமே சொல்லும் இடைவெளி 15 செ.மீ, வயர்லெஸ்ஸில் சார்ஜ் ஆகும்போது 30 செ.மீ. 'நம்மகிட்ட ஏது ஐபோன்'னு தப்பிக்க முடியாது. 2023-ல் வந்த 'க்யூஐ2' முறை (உச்சரிப்பு என்னவோ 'ச்சீ'தான்!) அதே காந்த வளையத்தை ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்துடுச்சு.

இன்னொரு சின்னத் தொந்தரவு, தாத்தாவின் ரேடியோ. க்யூஐ2 காந்த சார்ஜர் இயங்குவது 360 கிலோஹெர்ட்ஸில். அதன் இரட்டிப்பு 720. சென்னை வானொலியின் 'ஏ' அலைவரிசையும் மீடியம் வேவ் 720-லதான்! இரைச்சலை வடிகட்டும் பாகங்கள் சரியில்லாத மலிவு சார்ஜர் பக்கத்தில் இருந்தால், செய்திக்கு நடுவே 'கொர்ர்'னு கேட்கலாம். "ரேடியோ பழசாயிடுச்சு தாத்தா"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, சார்ஜரை ஒரு தடவை கழட்டிப் பாருங்க.