சத்தியம் தவறியவர் பாடிய பாட்டு

கடவுள் நல்லவங்க மூலமாத்தான் வேலை செய்வார்னு நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கென்னவோ அப்படித் தோணலை. ஆதாரம் நம்ம ஊர் பக்கத்துலயே இருக்கு.

திருப்பூர் - அவிநாசி ரோட்டில் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் தந்த பொன்னோடு வந்த சுந்தரரை அங்கே வேடர்கள் வழிப்பறி செஞ்சாங்க. அனுப்பியதே சிவன்தான் என்கிறது பெரியபுராணம். கொள்ளைக்காரன் வேஷத்துலயும் சாமி வருமாம்! அடுத்து அவிநாசி: முதலை விழுங்கிய பையனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட ஊர்.

ஆனா யார் இந்தச் சுந்தரர்? பிரிய மாட்டேன்னு திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் சத்தியம் செஞ்சு, அதை மீறி, ரெண்டு கண்ணையும் இழந்து, பிறகு திரும்பப் பெற்றவர். அவிநாசி நடந்தது அதுக்கும் அப்புறம்தான்.

"அப்போ தப்பு செஞ்சா பரவாயில்லையா?"ன்னு கேட்பீங்க. இல்லைங்க. நான் படிக்கிற பி.காம்.ல ஒரு விதி உண்டு. சொத்தையும் கடனையும் கழிச்சு மிச்சத்தை மட்டும் ஐந்தொகையில் காட்டக்கூடாது, தனித்தனியாக் காட்டணும். சேக்கிழார் எழுதினதும் அப்படித்தான். பதிகத்துக்காகத் தப்பை மறைக்கலை. தப்புக்காகப் பதிகத்தைத் தள்ளலை.

நாமதான் கழிச்சுடறோம். பெரிய சாமியார் தப்பு செஞ்சா, கடவுள் அனுப்பினவர்னு மூடி மறைக்கிறோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக் குடிக்கிற பனியன் கம்பெனி டெய்லர், ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கோ ரத்தம் கொடுக்க ஓடினாலும் அவரைக் குடிகாரன்னுதான் சொல்றோம்.

ரெண்டு பேர்கிட்டயும் சாமி கணக்குக் கேட்கட்டும். யார் மூலமா வரணும்னு நாம முடிவு பண்ண வேண்டாமே!